மாடிப்படிக்கு கீழே அப்பாவின் பழைய புல்லட்: பெயிண்ட் டப்பாவை திறப்பதற்கு முன்பு பார்க்க வேண்டியவை

சென்னை:

வடசென்னை பக்கம் பழைய வீடுகளில் மாடிப்படிக்கு கீழே எட்டிப் பார்த்தால் தண்ணீர் குடம், உடைந்த சைக்கிள், சுருட்டி வைத்த பாய் இவற்றுக்கு நடுவே தார்ப்பாய் போர்த்தியபடி ஒரு புல்லட் நிற்பதை இன்றைக்கும் காணலாம். அப்பா வேலைக்கு போய் வந்த வண்டி. அவர் போன பிறகு யாரும் உதைத்து ஸ்டார்ட் செய்யவில்லை. காயலான்கடைக்காரர் வந்து விலை கேட்டால், "அது பாட்டுக்கு இருக்கட்டும்ப்பா" என்று அம்மா சொல்லி அனுப்பி விடுவார்.

அந்த வண்டியை மறுபடி ரோட்டில் ஓட விட வேண்டும் என்ற ஆசை மகனுக்கு வருவது இயற்கைதான். ஓவர்டைம் பணத்தில் மிச்சம் பிடித்து வேலையை தொடங்குகிறார்கள். ஆனால் பெரும்பாலும் எங்கே தொடங்குகிறார்கள் தெரியுமா? டேங்க்கை கழற்றி மேட் கறுப்பு பெயிண்ட் அடிப்பதில்! அடுத்து சைலென்சரை அறுப்பது. அதற்கடுத்து பின்பக்க சேஸை வெட்டி ஒற்றை சீட் போடுவது. கையில் இருந்த காசெல்லாம் தீர்ந்த பிறகு பார்த்தால் இன்ஜின் நீலப் புகை கக்குகிறது, பிரேக் பிடிக்கவில்லை, ஆர்.சி. புத்தகம் இறந்து போனவர் பெயரிலேயே கிடக்கிறது.

வேலையின் வரிசையே தலைகீழாகி விடுகிறது. வெளியே தெரியாத வேலைக்கு முதல் காசு, பளபளப்புக்கு கடைசி காசு என்று போனால்தான் வண்டி வீட்டில் தங்கும். இதன் விவரம் வருமாறு:-

திருவொற்றியூரில் பிறந்த வண்டி

புல்லட் வெள்ளைக்காரன் வண்டி என்று சொல்வார்கள். ஆனால் இங்கே ஓடும் பழைய புல்லட் எல்லாம் பச்சை மெட்ராஸ் வண்டிதான். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்பீல்டு கம்பெனி, 1955-ம் ஆண்டு மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து என்பீல்டு இந்தியா கம்பெனியை ஆரம்பித்தது. ராணுவத்துக்கும் போலீசுக்கும் வண்டி தேவைப்பட்ட நேரம் அது. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. தொடக்கத்தில் கப்பலில் வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு எல்லாமே இங்கேயே தயாரானது. இங்கிலாந்து கம்பெனி மூடப்பட்டு விட்டது, திருவொற்றியூர் புல்லட் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. 1994-ம் ஆண்டு கம்பெனி ஐஷர் குழுமத்தின் கைக்கு போனது.

அந்தப் பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் 2010-ம் ஆண்டு வாக்கில் நிறுத்தப்பட்டது. 346 சி.சி., சிலிண்டர் விட்டம் 70 மில்லி மீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 90 மில்லி மீட்டர். கியர்பாக்ஸ் தனி, இன்ஜின் தனி. பழைய வண்டிகளில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். வீட்டிலேயே பிரித்து பூட்ட முடிகிற இன்ஜின் இது என்பதுதான் விஷயம். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. பொறுமை இருந்தால் போதும்.

முதல் வேலை ஸ்பேனருக்கு அல்ல...

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பு பீரோவை திறக்க வேண்டும். ஆர்.சி. புத்தகம் இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது, எந்த வருடத்தோடு முடிந்தது என்று பார்க்க வேண்டும். பைக்குக்கு ஆர்.சி. 15 ஆண்டுக்கு செல்லும். அதன்பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டியாக வேண்டும், பசுமை வரியும் உண்டு.

அப்பா இறந்திருந்தால் விஷயம் இன்னும் கொஞ்சம் பெரிசு. வண்டியின் உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு தெரிவித்து, 3 மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். இறப்பு சான்றிதழ், வாரிசு சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் கேட்பார்கள். "அட, நம்ம வண்டிதானே" என்று அண்ணன் தம்பிக்குள் பேசி முடித்து விட்டு அப்படியே ஓட்டுகிறவர்கள் ஏராளம். ரோட்டில் ஒரு விபத்து நடந்து எதிராளி நஷ்டஈடு கேட்கும்போதுதான் வினை ஆரம்பமாகும். ஆர்.சி. செத்துப்போன வண்டிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க காரணம் தேடும். மொத்தத் தொகையும் ஓட்டியவர் தலையில் வந்து விழலாம். பல வருடம் கழித்து போனாலும் தாமதக் கட்டணம் கட்டி சரி செய்ய வழி இருக்கிறது. அதை முதலில் கேட்டு விட்டு பிறகு வண்டியில் காசைப் போடுவதே புத்திசாலித்தனம்.

வெளியில் இருந்து பழைய வண்டி வாங்குகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். சேஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் துடைத்து, ஆர்.சி.யில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்க்க வேண்டும். எண்ணுக்கு அருகே அரம் போட்ட தடமோ, வெல்டிங் தடமோ இருந்தால் எவ்வளவு மலிவாக கொடுத்தாலும் திரும்பி வந்து விட வேண்டும். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு எதுவரை செல்லும், கடன் பாக்கி உண்டா என்ற விவரம் வந்து விடும். ரொம்பப் பழைய வண்டிகளின் விவரம் சில நேரம் கம்ப்யூட்டரில் ஏறாமலே இருக்கும். அதற்கு பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஒரு நடை போய்த்தான் ஆக வேண்டும்.

யமஹா ஆர்.எக்ஸ். 100 ரசிகர்களுக்கு இது இரட்டிப்பாக பொருந்தும். 1985-ல் வந்து 1996-ல் நின்று போன அந்த 98 சி.சி. வண்டிக்கு இப்போது ஏகப்பட்ட கிராக்கி. "இன்ஜின் மட்டும் தனியா இருக்கு, வேணுமா?" என்று யாராவது பில் இல்லாமல் நீட்டினால் அது யார் வீட்டு வாசலில் காணாமல் போன வண்டியோ! திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 317-வது பிரிவில் வரும் குற்றம். புதுப்பேட்டையில் வாங்கினாலும் சரி, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கினாலும் சரி, துண்டுச் சீட்டாவது பில் வாங்கி பத்திரப்படுத்த வேண்டும். இன்ஜினையே மாற்றுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றாமல் முடியாது.

50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டி என்றால் இன்னொரு வழியும் உண்டு. 2021-ம் ஆண்டு மத்திய அரசு கொண்டு வந்த விதியின்படி அதை பாரம்பரிய வண்டியாக பதிவு செய்து தனி வரிசை நம்பர் வாங்கலாம். புதிய பதிவுக்கு ரூ.20 ஆயிரம், மறுபதிவுக்கு ரூ.5 ஆயிரம் என்று கட்டணம் வைத்தார்கள். ஆனால் கவனிக்க வேண்டியது, அப்படி பதிவான வண்டியை தினமும் வேலைக்கு ஓட்டிப் போகக் கூடாது. சேஸையோ இன்ஜினையோ பெரிதாக மாற்றிய வண்டி அந்தப் பட்டியலுக்கே வராது. ஆக, கண்காட்சிக்கு வைப்பவர்களுக்கு அது. காலையில் ஷிப்டுக்கு போகிறவர்களுக்கு சாதாரண புதுப்பித்தல்தான் லாயக்கு.

முட்டை அட்டையும் செல்போனும்

பேப்பர் சரியாகி விட்டதா? இனி பிரிக்கலாம். வீட்டு வாசலோ, போர்டிகோவோ, மொட்டை மாடிக்கு போகும் வழியோ, 6 அடிக்கு 8 அடி இடம் இருந்தால் போதும். வண்டி 160 கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதால் தரை சமமாக இருக்க வேண்டும். இன்ஜினை இறக்கும்போது துணைக்கு ஒரு ஆள் அவசியம்.

பிரிப்பது சுலபம். ஆறு மாதம் கழித்து பூட்டும்போதுதான் தலை சுற்றும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக் கொள்ள வேண்டும். நட்டு, போல்ட், வாஷரை கழற்றிய இடம் வாரியாக ஐஸ்கிரீம் டப்பாக்களில் போட்டு பெயர் எழுதி வைப்பது பழைய மெக்கானிக்குகளின் பழக்கம். வால்வு, ஸ்பிரிங், சின்னச் சின்ன பாகங்களுக்கு முட்டை அட்டையை விட நல்ல பெட்டி கிடையாது.

பழைய புல்லட்டின் நட்டு, போல்ட்டுகள் பல இடங்களில் பிரிட்டிஷ் காலத்து அங்குல அளவு. அதில் மில்லி மீட்டர் ஸ்பேனரை மாட்டி பலமாக திருகினால் நட்டின் முனை உருண்டு போகும். பிறகு உளியும் சுத்தியலும்தான் கதி. பழைய வண்டிக்கான ஸ்பேனர் செட் என்று கேட்டு வாங்குவது நல்லது. துருப்பிடித்து இறுகிய நட்டுக்கு துரு நீக்கும் ஆயில் ஊற்றி ஒரு ராத்திரி ஊற விட வேண்டும். அவசரப்பட்டு உடைத்த போல்ட்டை வெளியே எடுக்க லேத்து பட்டறைக்கு தரும் கூலி, ஒரு டின் ஆயில் விலையை விட பல மடங்கு.

பழைய பிரேக் ஷூவிலும் கேஸ்கட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்த காலத்து வண்டி இது. டிரம்மில் படிந்த தூசியை வாயால் ஊதவே கூடாது. கம்ப்ரசர் காற்றும் வேண்டாம். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியை கவரில் கட்டி போட்டு விட வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

இன்ஜினில் பார்க்க வேண்டியது

பல வருடம் நின்ற புல்லட்டை முதல் நாளே உதைத்துப் பார்ப்பது மகா தப்பு. புல்லட்டில் ஆயில் டேங்க் இன்ஜினோடு சேர்ந்தே இருக்கிறது. நீண்ட நாள் நின்றால் அந்த ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கி விடும். மேலே ராக்கர், வால்வு எல்லாம் வறண்டு கிடக்கும். அந்த நிலையில் உதைத்தால், ஒன்று கிக்கர் கல் மாதிரி நிற்கும், இல்லை வீடு முழுக்க புகை மண்டும்.

பழைய புல்லட்டின் கிராங்க்கில் கனெக்டிங் ராட் பெரிய முனை ஒரு புஷ்ஷின் மேல்தான் சுழலும். அந்த புஷ்ஷுக்கு உயிர் ஆயில்தான். ஒரு நிமிடம் வறண்டு ஓடினாலே தேய ஆரம்பித்து விடும். இன்ஜினை பிரித்ததும் ராடை பிடித்து மேலும் கீழுமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்தால் பரவாயில்லை, அப்படித்தான் இருக்கும். மேலும் கீழும் 'டொக்' என்று ஆடினால் கிராங்க் வேலை கட்டாயம். இது வீட்டில் முடியாத வேலை. கிராங்க்கை பிரித்து, அழுத்தி, கோணல் இல்லாமல் நிறுத்த நல்ல லேத்து பட்டறை வேண்டும். செலவும் இங்கேதான் அதிகம். பலர் இதை விட்டு விட்டு பிஸ்டன் மட்டும் மாற்றுவார்கள். மூன்றே மாதத்தில் இன்ஜின் மறுபடி கீழே இறங்கும்... கேஸ்கட் செட், கூலி எல்லாம் மறுபடியும் தண்டம்.

சிலிண்டர் தேய்ந்திருந்தால் போரிங் போட்டு அடுத்த அளவு பிஸ்டன் போட வேண்டும். 20, 40, 60 என்று கடையில் சொல்வது ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு, 40 பங்கு, 60 பங்கு என்ற கணக்கு. பட்டறையில் பிஸ்டனை கையில் கொடுத்து அந்த பிஸ்டனுக்கே போரிங் போடச் சொல்ல வேண்டும். முதலில் போரிங், பிறகு பிஸ்டன் தேடுவது என்று தலைகீழாக செய்தால் ஒன்று இறுகிப் பிடிக்கும், இல்லை தளர்ந்து புகையும்.

ஹெட்டை கழற்றிய கையோடு வால்வுகளை தேய்த்து உட்கார வைத்து, மண்ணெண்ணெய் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்ப்பது பழைய வித்தை. இன்றைக்கும் அதுவே சரியான வித்தை. பூட்டும்போது ஹெட் நட்டுகளை ஒரே பக்கமாக இறுக்காமல், குறுக்கு குறுக்காக கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். டேப்பெட் வைப்பதற்கு இந்த இன்ஜினில் கேஜ் கூட தேவையில்லை. இன்ஜின் ஆறியிருக்கும்போது புஷ்ராடை இரண்டு விரலால் சுழற்றினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அம்புட்டுதான். பாயிண்ட் இடைவெளி மட்டும் 0.35 முதல் 0.40 மில்லி மீட்டர் வரை கேஜ் வைத்து பார்க்க வேண்டும்.

பெட்ரோல் டேங்க்: விளையாட வேண்டாம்!

டேங்க் உள்ளே துரு இருக்கும். அதை எடுக்க நம் வீட்டு அடுப்படியிலேயே மருந்து உண்டு. பித்தளை பாத்திரத்துக்கு புளி போடுகிற அதே கணக்குதான், புளிப்பு துருவை கரைக்கும். கடைகளில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து டேங்க்கில் நிரப்பி ஒரு நாள் வைத்தால் துரு கழன்று வரும். பிறகு சமையல் சோடா கலந்த தண்ணீரால் அலசி, வெயிலில் நன்றாக காய வைத்து, உடனே கொஞ்சம் ஆயில் விட்டு குலுக்கி வைக்க வேண்டும். காய்ந்தபடி விட்டால் மறுநாளே மறுபடி துரு பூக்கும்.

டேங்க்கில் ஓட்டை விழுந்திருந்தால் அதை வெல்டிங் வைக்க வீட்டில் முயல்வது உயிரோடு விளையாடுவது. பெட்ரோலை முழுவதும் கொட்டி விட்டோம் என்று நினைப்பார்கள். திரவ பெட்ரோலை விட ஆபத்தானது உள்ளே தங்கியிருக்கும் ஆவிதான். மாதக்கணக்கில் காலியாக கிடந்த டேங்க் கூட நெருப்பு பட்டால் குண்டு மாதிரி வெடிக்கும். இந்த வேலை தெரிந்த பட்டறையில் டேங்க்கை நன்றாக கழுவி ஆவியை வெளியேற்றிய பிறகே கை வைப்பார்கள். அதேபோல் சமையலறை பக்கத்தில் பெட்ரோல் ஊற்றி பாகங்களை கழுவுவதும் கூடாது. மண்ணெண்ணெயோ டீசலோ எடுத்துக்கொண்டு வெளியே போய் விட வேண்டும்.

புதிதாக ஒரு தலைவலியும் சேர்ந்திருக்கிறது. 2025-ம் ஆண்டு வாக்கில் நாடு முழுக்க பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்து விட்டது. இந்த வண்டிகள் செய்யப்பட்ட காலத்தில் யாரும் அதை நினைத்துப் பார்க்கவில்லை. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊறி உப்ப வைக்கும். எனவே பெட்ரோல் குழாய், டேப் வாஷர், கார்புரேட்டர் ஓ-ரிங் எல்லாவற்றையும் எத்தனாலை தாங்கும் ரகமாக பார்த்து மாற்றி விட வேண்டும். வண்டி ஒரு மாதம் நிற்கப் போகிறது என்றால் கார்புரேட்டரை காலி செய்து வைப்பது நல்லது.

நிற்காத வண்டி எதற்கு?

இன்ஜினுக்கு அள்ளிக் கொடுப்பவர்கள் பிரேக்குக்கு கிள்ளிக் கூட கொடுப்பதில்லை. பழைய டிரம் பிரேக், புது வண்டியின் டிஸ்க் பிரேக் மாதிரி நிற்காது. ஆனால் சரியாக செய்தால் நம்பி ஓட்டலாம். டிரம் கோணலாகி இருந்தால் லேத்தில் லேசாக சீவி வட்டம் எடுத்து, புது ஷூ போட்டு, ஷூ முழுவதும் டிரம்மில் உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். கேபிள் புதுசாகவே போட வேண்டும், அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

ரிம்மில் ஸ்போக்ஸை ஒவ்வொன்றாக தட்டினால் ஒரே மாதிரி 'டிங்' என்று கேட்க வேண்டும். ஒன்று மட்டும் 'டப்' என்றால் தளர்ந்திருக்கிறது. கோட்டம் எடுக்க பழைய சைக்கிள் கடைக்காரரை விட்டால் ஆள் இல்லை என்கிற நிலை வந்து கொண்டிருக்கிறது.

டயரில் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. டயரின் பக்கவாட்டில் 4 இலக்க எண் இருக்கும். 3522 என்று இருந்தால் 2022-ம் ஆண்டின் 35-வது வாரம் செய்தது என்று அர்த்தம். மாடிப்படிக்கு கீழே பத்து வருடம் கிடந்த டயர் பார்க்க புதுசாக இருந்தாலும் ரப்பர் செத்துப் போயிருக்கும். மழைக்காலத்து ரோட்டில் அது பிடிக்காது. வயரிங்கும் அப்படியே. வெடித்த வயரை டேப் சுற்றி ஒப்பேற்றாமல் புது செட் போட்டு, பேட்டரிக்கு பக்கத்தில் பியூஸ் வைத்து விட்டால் தீ பயம் இல்லை.

வெட்டினால் வினை

இனி கஸ்டம் வேலை. கபே ரேசர் என்று சொல்கிறார்களே, அது 1950, 60-களில் லண்டன் இளைஞர்கள் ஒரு டீக்கடையில் இருந்து இன்னொரு டீக்கடைக்கு பந்தயம் ஓட்டிய காலத்தில் பிறந்தது. ஏஸ் கபே என்ற கடை அதற்கு பேர் போனது. தாழ்ந்த ஹேண்டில், ஒற்றை சீட், வேண்டாத தகரம் எல்லாம் கழற்றல். ராயல் என்பீல்டு கம்பெனியே 1964-ல் இங்கிலாந்தில் காண்டினென்டல் ஜி.டி. என்று அந்த மாதிரி வண்டியை விட்டது. நம் ஊரில் சோழவரம் பந்தயம் பார்த்தவர்களுக்கும் அந்தக் கோலம் புதிதல்ல.

ஆசை தப்பில்லை. சட்டம் என்ன சொல்கிறது? கம்பெனி செய்து கொடுத்த அடிப்படை விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகன சட்டத்தின் 52-வது பிரிவு. கேரளாவில் இருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்து விட்டது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டப்படி, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் விதிக்கலாம். சேஸை வெட்டுவது, இன்ஜின் மாற்றுவது எல்லாம் இதில் அடங்கும். வண்டியின் நிறம் கூட ஆர்.சி.யில் இருப்பதுதான். கறுப்பு புல்லட்டை சிவப்பாக்கினால் ஆர்.டி.ஓ.விடம் சொல்லி பதிவில் மாற்ற வேண்டும்.

சட்டத்தை விடுங்கள். சேஸ் என்பது வண்டியின் முதுகெலும்பு. பின்பக்கத்தை வெட்டி வளைத்து தெருமுனை வெல்டிங் வைத்தால், அந்த ஒட்டு முதல் பள்ளத்தில் தெரியாது. நூறாவது பள்ளத்தில் பின்னால் மனைவியும் குழந்தையும் உட்கார்ந்திருக்கும்போது தெரியும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் கையாளும் முறை வேறு. எதை மாற்றினாலும் போல்ட்டில் கழற்றி போல்ட்டில் மாட்டுகிற மாதிரி, வெட்டு ஒட்டு இல்லாமல். சீட்டின் வடிவம், தையல், கிராப் ராட், முழங்கால் ரப்பர், லெதர் பை என்று எத்தனையோ இருக்கிறது. கழற்றிய அசல் பாகத்தை எண்ணெய் தடவி சாக்கில் கட்டி பரணில் போட்டு விடுவார்கள். நாளைக்கு ஆர்.டி.ஓ.வில் காட்ட வேண்டுமானாலும், விற்க வேண்டுமானாலும் அந்தச் சாக்குமூட்டைதான் தங்கம்.

சைலென்சர் சமாச்சாரம் தனி. சத்தம் கூடினால் பவர் கூடும் என்று ஒரு நினைப்பு. உண்மையில் நடப்பது நேர் எதிர். புல்லட்டில் சைலென்சரை திறந்து விட்டால் காற்று அதிகமாகி பெட்ரோல் பங்கு குறையும். பிளக் வெள்ளையாக எரிந்து இன்ஜின் சூடேறும். கார்புரேட்டர் ஜெட்டையும் சேர்த்து மாற்றாதவர்கள் பிஸ்டனுக்கு வேட்டு வைத்துக் கொள்கிறார்கள்.

ஆர்.எக்ஸ். 100 மாதிரி டூ-ஸ்ட்ரோக் வண்டியில் இது இன்னும் மோசம். அதில் சைலென்சரின் வயிறு போன்ற வடிவமே இன்ஜினின் ஒரு பாகம். வெளியே போகும் புகையின் அலை அந்த வயிற்றில் மோதி திரும்பி வந்து, தப்பிக்கப் பார்க்கும் புது பெட்ரோல் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அதை அறுத்து குழாய் மாட்டினால் சத்தம் காதை கிழிக்கும், இழுவை காணாமல் போகும். ஒலி மாசுக்கு ரூ.10 ஆயிரம் வரை அபராதம், 3 மாதம் வரை ஜெயில், லைசென்ஸ் 3 மாதம் கட் என்று சட்டத்தில் இருப்பது வேறு விஷயம். தெருவில் காய்ச்சலில் படுத்திருக்கிற குழந்தைக்கு அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்பதை ஓட்டுபவர் யோசிப்பதில்லை.

கடைசியாக பெயிண்ட்

எல்லாம் முடிந்து, வண்டி ஒரு முறை முழுவதுமாக பூட்டி ஓட்டிப் பார்த்த பிறகுதான் பெயிண்ட். முதலிலேயே அடித்து விட்டு பூட்டினால் ஸ்பேனர் பட்டு கீறல் விழாத இடமே இருக்காது.

சேஸுக்கு பவுடர் கோட்டிங் கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. சேஸ் நம்பர் உள்ள இடத்தை மறைத்து ஒட்டச் சொல்ல வேண்டும். மணல் வீசி சுரண்டும்போது எண் மழுங்கிப் போகும், தடிமனான கோட்டிங் எண்ணின் பள்ளத்தை நிரப்பி விடும். பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பென்சிலால் தேய்த்து நம்பர் எடுக்கும்போது ஒன்றும் தெரியாது. ஒழுங்கான வண்டி சந்தேக வண்டியாகி நிற்கும்.

இப்போது வரும் இரண்டு டப்பா கலக்கும் பெயிண்ட்டை வீட்டில் ஸ்பிரே செய்வது நல்லதல்ல. அதன் புகை மூச்சுக்குழாயை தாக்கி ஆஸ்துமா வரை கொண்டு விடும். முகத்தில் கட்டும் கர்ச்சீப் அதை தடுக்காது. பக்கத்து வீட்டு அக்கா காயப்போட்ட புடவையின் கதியை தனியாக சொல்லத் தேவையில்லை. பட்டறையில் கொடுத்து விடுவதே மேல். திருவொற்றியூர் ஆலையில் டேங்க்கின் தங்க நிறக் கோட்டை தூரிகை பிடித்து கையாலேயே இழுத்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. அந்தக் கோடு அழியாமல் மிச்சம் இருந்தால், புதுசு அடிப்பதை விட அதை அப்படியே துடைத்து வைப்பதில்தான் வண்டியின் களையே இருக்கிறது. அப்பாவின் தொடை பட்டு மங்கிய இடமும் அதில்தானே இருக்கும்!

முதல் உதை

இன்ஜின் பூட்டி ஆயில் ஊற்றியாகி விட்டது. உடனே பெட்ரோலை திறக்கக் கூடாது. பிளக்கை கழற்றி விட்டு கிக்கரை மெதுவாக முப்பது, நாற்பது முறை அழுத்தி ஆயிலை மேலே ஏற்ற வேண்டும். ராக்கருக்கு போகும் ஆயில் குழாயின் போல்ட்டை லேசாக தளர்த்தினால் அங்கே ஆயில் கசிய வேண்டும். கசியவில்லை என்றால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஆயில் பம்ப்பை மறுபடி பார்க்க வேண்டும்.

பிறகு பிளக் மாட்டி, சாவி போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தினால் அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடம் ஒன்று உண்டு. அங்கே நிறுத்தி, டிகம்ப்ரசர் பிடித்து, ஒரு நூல் தாண்டி விட்டு, பிடியை விட்டு, கிக்கரை மேலே வர விட்டு ஒரே உதை. டைமிங் முன்னால் போயிருந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் எலும்பு முறிந்தவர்கள் உண்டு. செருப்புக்காலோடு உதைக்காமல் ஷூ போட்டுக் கொள்வது நல்லது.

ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரை முறுக்கி சத்தம் கேட்கத் தோன்றும். அதற்கு பதில் ஓரிரு நிமிடம் ஓட விட்டு நிறுத்தி, எங்கே ஒழுகுகிறது என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். முதல் 500 கிலோ மீட்டருக்கு 40, 45-ஐ தாண்டாமல், பின்னால் ஆள் ஏற்றாமல், ஒரே வேகத்தில் வெகுநேரம் போகாமல் ஓட்ட வேண்டும். 500 கிலோ மீட்டர் ஆனதும் ஆயிலை சூடாக இருக்கும்போதே கொட்டி விட்டு, ஃபில்டர் மாற்றி, இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு ஹெட் நட்டும் டேப்பெட்டும் மறுபடி பார்த்து விட வேண்டும். கொட்டிய ஆயிலில் விரலை விட்டு தேய்த்துப் பார்த்தால் நெருநெருவென்று மாவு மாதிரி கொஞ்சம் இருப்பது சகஜம். துணுக்கு துணுக்காக மினுங்கினால் வண்டியை அங்கேயே நிறுத்தி இன்ஜினை இறக்க வேண்டியதுதான்.